ஆறு உறையாது... ஆனா புகையும்!

குளிர் நாடுகள்ல ஆறு உறைஞ்சா, அந்தப் பனிக்கட்டியைப் படம் எடுக்கவே கேமராவோட ஒரு கூட்டம் அலையும். 'நம்ம தேனியில அதுக்கு எங்க போறது பாஸ்?'னு பெருமூச்சு விடாதீங்க. நம்ம முல்லைப்பெரியாறு உறையாது. ஆனா மார்கழி விடியல்ல புகையும்!

ராத்திரி வானத்துல மேகம் இல்லேன்னா தரை சீக்கிரமே குளிர்ந்துடும். மலைச்சரிவுல குளிர்ந்த காத்து கனமாகி, இறங்கி வந்து கம்பம் பள்ளத்தாக்குல தேங்கும். ஆத்துத் தண்ணி மட்டும் வெதுவெதுப்பா இருக்கும். அதுலேர்ந்து கிளம்புற ஆவி, குளிர்காத்து பட்டதும் பொடிப்பொடித் துளியா மாறும். அதான் அந்தப் புகை. கிழக்கே மேகமலைத் தொடர் மறைக்கிறதால சூரியன் இங்க கொஞ்சம் லேட்டாத்தான் எட்டிப் பார்க்கும். உங்களுக்கு அது போனஸ்! வெயில் ஏறிட்டா ஷோ முடிஞ்சது.

உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி... மூணு ஊரையும் ஒட்டி ஆறு ஓடுது. விடியறதுக்கு முன்னாடியே போயிடுங்க. ப்ளாஷ் வேண்டவே வேண்டாம். பனித்துளியில பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் புள்ளியாயிடும். வெள்ளைப் பனியைக் கேமரா சாம்பலா காட்டும். அதனால எக்ஸ்போஷரை ஒரு படி ஏத்துங்க. சூரியனுக்கு எதிர்ல நின்னு எடுத்தா புகை தங்கமா மின்னும். லென்ஸ் துடைக்கத் துணி மறக்காதீங்க. படித்துறை வழுக்கும், தண்ணி திறந்தா மட்டம் சட்டுனு ஏறும்... செல்பிக்காக ஆத்துக்குள்ள இறங்காதீங்க.

ஒண்ணு தெரியுமா? இந்தத் தண்ணியில பெரும்பகுதி மேற்கே அரபிக்கடலுக்குப் போகவேண்டியது. 1895-ல பென்னிகுயிக் கட்டி முடிச்ச அணைதான், அதை மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா நம்ம பக்கம் திருப்பிச்சு. பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோகம் விளையறது அந்தத் தண்ணியாலதான். அவர் பிறந்த நாளான ஜனவரி 15-ல இங்க பொங்கல் வைக்கிற ஊரே இருக்கு!

ஆக, நீங்க க்ளிக் பண்றது வெறும் சீனரி இல்ல, இவங்க சோறு. ரெண்டாம் போகத்துக்குத் தண்ணி கட்டின வயல்ல பனி இன்னும் அழகாத்தான் இருக்கும். அதுக்காக வரப்பை மிதிச்சு உடைச்சுடாதீங்க. நாத்து நடுற அக்காக்கள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க. எடுத்த படத்தை ஊருக்கெல்லாம் அனுப்புறதுக்கு முன்னாடி, முதல்ல அவங்ககிட்ட காட்டுங்க!