செவ்விளக்கும் மஞ்சள் விளக்கும்

எழுத்தறிவு என்றால் ஏட்டை வாசிக்கும் அறிவு என்றே நாம் நெடுங்காலமாகப் பொருள்கொண்டு வந்துள்ளோம். நம் நாட்டின் எழுத்தறிவு வீதத்தைப் பெருமையோடு எடுத்துரைப்போரும் அதனையே கருதுகின்றனர். ஆனால், இன்றைய மனிதன் நாள்தோறும் தன் உயிரை ஒப்படைத்திருக்கும் கருவிகள் ஏட்டின் மொழியிற் பேசுவதில்லை. அவை விளக்காலும் முள்ளாலும் குறியாலும் பேசுகின்றன. அம்மொழியை வாசிக்கத் தெரியாதவர் பட்டம் பெற்றவராயினும் அவ்விடத்தில் எழுத்தறியாதவரே. தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நாம், மோட்டார் வாகனத்தின் விளக்குகளைப் பற்றியும் பெற்றோல் தாங்கியைப் பற்றியும் எழுதப் புகுந்தமைக்கு வேறு நியாயம் கூற வேண்டியதில்லை.

பதினோராந் தரத்து மாணவருக்குக் கவிதையிற் குறியீடு பற்றிக் கற்பிக்கும்போது, மூக்கும் கைபிடியும் உடைய ஓர் எண்ணெய்க் குவளையையும் அதன் மூக்கிலிருந்து சொட்டும் ஒரு துளியையும் கரும்பலகையில் வரைந்து, இஃது எதன் குறியீடு எனக் கேட்டோம். அலாவுதீனின் விளக்கு என்றான் ஒருவன். தேநீர்க் கேத்தல் என்றாள் மற்றொருத்தி. கடைசி வாங்கில் இருந்தவன் ஒருவன் மட்டும், “ஒயில் லைற், சேர்” என்றான். அவனுடைய தந்தையார் வாடகைக்கு வான் ஓட்டுபவர். அந்த விளக்கு எரிந்தால் உன் அப்பா என்ன செய்வார் என்று கேட்டோம். “ஓடிக்கொண்டு வந்து வீட்டிலை நிப்பாட்டிப் பாப்பார்” என்றான்.

இந்த விடைதான் எம்மை உறங்கவிடாது செய்தது. குறியை அறிந்திருந்தவன் அந்த ஒரு மாணவனே. ஆயினும் குறி இடும் கட்டளை அவனுக்கும் எட்டவில்லை, அவன் தந்தைக்கும் எட்டவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் அச்சிவப்பு விளக்கு எரியுமானால், உராயும் உறுப்புகளுக்கிடையே எண்ணெய் போதிய அழுத்தத்தோடு பாயவில்லை என்பது பொருள். உலோகம் உலோகத்தைத் தின்னத் தொடங்குகிறது. சில நிமிட ஓட்டமே எஞ்சினை அழித்துவிடக்கூடும். அந்த வானுக்கோ இன்னும் லீசிங் பணம் கட்டி முடியவில்லை. வீடு வரை ஓடிச் சேர்வது என்னும் அந்த முடிவில் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பு தங்கியிருக்கிறது.

வாகனத்தின் முகப்புப் பலகையை, டாஷ்போட் என்று நாம் வழங்குவதை, ஒருமுறை ஆறுதலாக நோக்குவோம். அதன் இலக்கணம் எளியது. செவ்விளக்கு ஆபத்தைச் சொல்கிறது. பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்து என்கிறது. மஞ்சள் விளக்கு எச்சரிக்கிறது. கவனி, விரைவிற் காட்டு என்கிறது. பச்சையும் நீலமும் ஒன்று இயங்குகிறது என்று மாத்திரம் அறிவிப்பவை. சமிக்ஞை விளக்கு பச்சை, எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும் உயரொளி நீலம்.

செவ்விளக்குகளுள் நான்கினை எவரும் அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது நாம் மேலே கூறிய எண்ணெய்க் குவளை. இரண்டாவது, அலைமேல் நிற்கும் வெப்பமானி. அஃது எரிந்தால் எஞ்சின் கொதிக்கிறது. நிறுத்தி அணைத்து ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு றேடியேற்றரின் மூடியைத் திறக்கலாகாது. உள்ளே அழுத்தத்திற் கிடக்கும் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாதிருக்கும். மூடி திறந்த கணத்திற் சீறியெழுந்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். மூன்றாவது, வட்டத்துள் நிற்கும் வியப்புக்குறி. கைப்பிறேக் இழுபட்டிருந்தாலும் அஃது எரியும். இறக்கிய பின்னும் அணையாவிட்டால் பிறேக் எண்ணெய் வற்றியிருக்கலாம், அத்தகைய வண்டியை ஓட்டலாகாது. நான்காவது பற்றரிச் சின்னம். பற்றரி பழுதென்று புதியதை வாங்கிப் பூட்டிப் பணத்தை இழந்தவர் பலர். பெரும்பாலும் அச்சின்னம் கூறுவது, மின்பிறப்பாக்கி பற்றரிக்கு மின்னேற்றவில்லை என்பதே. அதனைச் சுழற்றும் பெல்ற் அறுந்ததாற்கூட அவ்வாறு நேரலாம்.

மஞ்சளில் முதன்மையானது எஞ்சினின் உருவக்கோடு. அது நிலையாக எரிந்தால் அண்மையிற் பரிசோதிக்க வேண்டும். மின்னி மின்னி எரிந்தாலோ, சிலிண்டரில் எரியாத பெற்றோல் வெளியேறிப் புகைபோக்கியில் உள்ள ஊக்கிக் கலத்தை மிகையாகச் சூடேற்றிக் கெடுக்கிறது என்று கொள்ளலாம். வேகத்தை உடனே தணித்து, இயன்றவிடத்து நிறுத்துவதே முறை. ஒரே விளக்கு, ஒரே நிறம். எரியும் விதத்தால் பொருள் மாறுகிறது. மொழியியல் படிக்கும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இக்குறிகள் ஒவ்வொரு கம்பனியும் தன் மனம்போல வரைந்தவை அல்ல. சர்வதேசத் தரநிர்ணய அமைப்பின் 2575 ஆம் இலக்க நியமம் அவற்றின் வடிவத்தையும் நிறத்தையும் வகுக்கிறது. எம்மைப் போன்ற நாட்டினருக்கு இதன் அருமை தனியானது. நம் தெருக்களில் ஓடும் கார்களிற் பெருந்தொகையானவை யப்பானில் ஓடிக் கழிந்து இங்கு வந்தவை. சாவியைத் திருப்பியதும் அவற்றுட் சில யப்பானிய மொழியில் ஏதோ கூறும். அந்நாட்டு நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்று அப்பெண்குரல் முறையிடுகிறது என்பதை அறியாமலே, அதனைக் காலை வணக்கமாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுவோர் உளர். கையேடும் யப்பானிய மொழியிலேயே கிடக்கும். அம்மொழி அறியாத யாழ்ப்பாணத்துச் சாரதிக்கும் அம்பாந்தோட்டைச் சாரதிக்கும் ஒன்றுபோல விளங்கக் கூடியது அந்தச் சிறு எண்ணெய்க் குவளை ஒன்றே. மொழியின் பேரால் இத்துணைத் துன்பம் கண்ட இத்தீவில், இரு சாராரும் ஒருங்கே வாசிக்கத்தக்க எழுத்து அங்கே எரிகிறது. அதனை இரு சாராருக்கும் கற்பிப்பார்தாம் இல்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிற் பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின; அவற்றின் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. அக்காலத்தில் நாமும் ஒரு பழைய காரைப் பார்க்கச் சென்றோம். கராஜ் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்திருந்தோம். வண்டி பளபளத்தது. முகப்புப் பலகையில் ஒரு விளக்குத்தானும் எரியவில்லை. எமக்கு அது நல்ல அறிகுறியாகத் தோன்றிற்று. பெரியவரோ எஞ்சினை இயக்காமற் சாவியை மாத்திரம் திருப்பிவிட்டு நெடுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்ரர், திறப்பைத் திருப்பினவுடனை எல்லா லைற்றும் ஒருக்கா எரிஞ்சு காட்டவேணும். எரியிற லைற்றைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ. எரியாத லைற்றைத் தேடுங்கோ” என்றார்.

எஞ்சின் விளக்கு எரியவேயில்லை. அது பழுதானமையால் அணைந்ததன்று. விற்பவரின் வசதிக்காகப் பிடுங்கப்பட்டிருந்தது. சாவியைத் திருப்பியவுடன் விளக்குகள் யாவும் எரிந்து பின் அணைவது அலங்காரத்துக்காக அன்று, தாம் பேசும் நிலையில் உள்ளனவா என்று அவை தம்மைத் தாமே சோதித்துக் காட்டுகின்றன என்பதை அன்று அறிந்தோம். எச்சரிக்கை இல்லாமையை நலம் என்று கொள்வது எத்துணை ஆபத்தானது! நோயைத் தீர்ப்பதற்குச் செலவு அதிகம். விளக்கைப் பிடுங்குவதற்கு ஒரு திருப்புளி போதும்.

இந்த வித்தை பழைய கார் விற்போருக்கு மாத்திரம் உரியதன்று. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2019 இறுதியில் ஏறத்தாழ 760 கோடி டொலராக இருந்தது. 2021 இறுதியில் ஏறத்தாழ 310 கோடியாயிற்று. கணக்கு மறைக்கப்படவில்லை, மாதந்தோறும் வெளிவந்தது. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதனை வாசிக்கும் கல்வி மக்களுக்கு அளிக்கப்படவில்லை. வாசித்துக் கூறியோரின் சொல் அம்பலம் ஏறவில்லை. 2022 ஏப்ரல் 12 ஆம் நாள் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை அரசு நிறுத்திவைத்தது. ஜூன் 27 முதல் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே என்று அறிவிக்கப்பட்டது. தாங்கியின் முள் தரைதட்டியது ஒரு வண்டியில் அன்று, ஒரு நாட்டில். வரிசையில் நின்றே உயிர் துறந்தவர்களும் உளர்.

அந்நாட்களில் மற்றொரு தீங்கும் நேர்ந்தது. கிடைத்த பெற்றோலைப் பிளாஸ்டிக் போத்தல்களிலும் கான்களிலும் நிரப்பி, வீட்டு மூலையிலும் கட்டிலின் கீழும் மக்கள் சேமித்தனர். அவற்றிலிருந்து தீப்பற்றி மாண்டோர், வெந்தோர் பற்றிய செய்திகள் வந்தன. அவர்களைப் பதுக்கல்காரர் என்று பழித்தோர் பலர். பெற்றோலின் இயல்பை அவர்களுக்கு எவரும் எடுத்துக் கூறியதில்லை என்பதை எண்ணியோர் சிலரே.

அவ்வியல்பு அறிதற்கு அரியதன்று. பெற்றோலில் எரிவது திரவம் அன்று, ஆவி. மண்ணெண்ணெய் தீப்பற்றத்தக்க ஆவியைத் தருவதற்கு 38 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகைக் குளிரிலும் அத்தகைய ஆவியைத் தரும். நம் நாட்டு வெயிலில் அது எப்போதும் ஆயத்தமாகவே இருக்கிறது. அவ்வாவி காற்றினும் மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலெழுந்து மறையாது, தரையோடு தவழ்ந்து அடுத்த அறையின் அடுப்பைத் தேடிச் செல்லும். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு கலந்தாலே போதும், தீப்பற்றும். மண்ணெண்ணெய் விளக்கையும் அடுப்பையும் கையாண்டு பழகிய நம்மவர், அந்தப் பழக்கத்தையே பெற்றோலுக்கும் பொருத்தினர்.

வடபகுதியில் இப்பழக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினை உயிர்ப்பித்து, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை கக்கிக்கொண்டு ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் கார்கள் எமது சிறுபிராயத்தின் முதல் நினைவுகளுள் அடங்கும். நம் தொழிலாளரின் கைத்திறமைக்கு அது சான்று. ஆயின் நெருக்கடியிற் பிறந்த துணிவு, நெருக்கடி நீங்கிய பின்னும் கவனயீனமாகத் தொடர்தல் நன்றன்று.

பெற்றோல் நிரப்பும் இடத்தில் நாம் கைக்கொள்ள வேண்டியவை சிலவே. எரிபொருள் விளக்கு மஞ்சளாக எரியும் வரை காத்திருத்தல் வேண்டாம். பல வண்டிகளில் பெற்றோல் பம்பி தாங்கியினுள்ளே மூழ்கியிருக்கிறது. பெற்றோலே அதனைக் குளிர்விக்கிறது. அந்தச் சின்னத்தின் அருகே சிறு முக்கோணம் ஒன்று இருந்தால், அது தாங்கியின் வாய் எப்பக்கம் என்பதைக் காட்டுவது. எஞ்சினை அணைக்க வேண்டும், புகைத்தல் கூடாது. பெற்றோலா டீசலா என்பதை வாய்விட்டுக் கூற வேண்டும். மாறி அடித்துவிட்டால் எஞ்சினை இயக்காது வண்டியைத் தள்ளி ஒதுக்கித் தாங்கியை வெறுமையாக்குதல் வேண்டும். குழாய் தானாக நின்ற பின்பு, “இன்னும் கொஞ்சம்” என்று விளிம்பு வரை நிரப்புவிக்கலாகாது. ஆவி விரிய இடம் வேண்டும். கானில் வாங்க நேர்ந்தால், அதற்கென அமைந்த கானை வண்டியினுள் வைத்தன்று, நிலத்தில் இறக்கி வைத்தே நிரப்ப வேண்டும். உராய்விற் பிறக்கும் நிலைமின் பொறி அப்போதுதான் நிலத்துக்குக் கடந்துபோகும்.

கைத்தொலைபேசி கூடாது என்னும் பலகையைப் பம்பியிற் காண்கிறோம். 2022 ஜூலையில் எரிபொருள் அட்டை முறை வந்தபோது, அதே பம்பியின் அருகே ஒவ்வொருவரும் தொலைபேசியை நீட்டிக் குறியீட்டைக் காட்ட வேண்டியதாயிற்று. 2023 செப்டெம்பர் வரை அது நீடித்தது. தொலைபேசியாற் பெற்றோல் தீப்பற்றியதற்கு உறுதியான சான்று இல்லை. கவனம் சிதறுவதே அதன் கேடு. ஆயினும் காரணம் கூறாது விதிக்கப்படும் விதி, வசதிப்படும்போது காரணம் கூறாமலே கைவிடப்படுகிறது. மக்கள் மற்ற விதிகளையும் அவ்வாறே மதிக்கத் தொடங்கினால் அவர்களைக் குறைகூற முடியுமா?

இத்தனையும் கூறியபின், குழாயைப் பிடித்து நிற்பவரை மறந்துவிட்டுச் செல்வது தகாது. நாம் சில நிமிடம் நின்று முகத்தைச் சுளிக்கும் அந்த மணத்தை அவர் நாள் முழுவதும் சுவாசிக்கிறார். பெற்றோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை விளைவிப்பது என்பது மருத்துவம் ஐயத்துக்கிடமின்றி நிறுவிய உண்மை. அவருக்கு முகக்கவசமோ கையுறையோ இருப்பதை நாம் கண்டது அரிது. “மணம் பழகிப்போச்சு, சேர்” என்று ஓர் இளம்பெண் எம்மிடம் கூறினாள். அவள் உடலில் எரிய வேண்டிய மஞ்சள் விளக்கைப் பழக்கம் பிடுங்கி வைத்திருக்கிறது.

1961 இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. வெளிநாட்டுக் கம்பனிகளின் பிடியிலிருந்த எண்ணெய் வணிகம் தொடர்ந்து அரசின் கைக்கு வந்தது. அதற்காக அமெரிக்கா 1963 இல் உதவியை நிறுத்தியபோதும் அன்றைய அரசு பணியவில்லை. அது பெருமைக்குரியதே. ஆனால் பெற்றோல் பொதுவுடைமையான அளவுக்குப் பெற்றோல் பற்றிய அறிவு பொதுவுடைமையாகவில்லை. அதனால் வெந்தவர் வீட்டாருக்கும், அதனைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கும், அதனை நம்பி வான் ஓட்டும் தந்தைக்கும் அவ்வறிவைக் கொண்டு சேர்ப்பது யாருடைய கடன்?

ஆசிரியர்களாகிய நம்முடையது என்பதே எமது எண்ணம். புதிய பாடத்திட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எமது பாடசாலையில் ஒரு சனிக்கிழமைக்கு வகுப்பு ஒன்றை ஒழுங்கு செய்கிறோம். கற்பிப்பவர் அந்தக் கராஜ்ப் பெரியவர். பாடநூல் முற்றத்தில் நிறுத்தப்பட்ட ஒரு பழைய கார். மாணவரோடு அவர்தம் பெற்றோரையும் அழைத்திருக்கிறோம். கடைசி வாங்கு மாணவனின் தந்தை, அன்று காலை வாடகை ஓட்டம் இல்லையாயின் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.