'ஆர்.ஓ.' என்று காட்டினால் பூட்டியாச்சா?

ரூட்டரோ, காலேஜ் லேபில் கிடக்கும் ஏ.ஆர்.எம். போர்டோ, ஆன் செய்ததும் முதலில் கண் விழிப்பது பூட்லோடர். அது குடியிருப்பது ஃப்ளாஷ் மெமரியில். புது ஃபர்ம்வேர் ஏற்றும்போது கை தவறி அந்தப் பகுதி அழிந்தாலோ, ஆடிக் காற்றில் தஞ்சாவூர்ப் பக்கம் போகிற மாதிரி பாதியில் கரண்ட் போனாலோ, போர்டு வெறும் செங்கல்தான். இந்தக் கைத்தவறுக்காகத்தான் பூட்லோடர் பகுதிக்கு எழுத்துத் தடை போடுகிறார்கள்.

தடை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஜெர்மனியின் வோல்ஃப்காங் டென்க் வளர்த்தெடுத்து, 2002-ல் யூ-பூட் என்று பெயர் பெற்ற பூட்லோடரில் 'எஃப்எல்இன்ஃபோ' என்று ஒரு கட்டளை உண்டு. நார் ஃப்ளாஷின் ஒவ்வொரு செக்டாரின் முகவரியும் வரிசையாக வரும். தடை போட்டவற்றின் பக்கத்தில் 'ஆர்.ஓ.' என்று நிற்கும். பார்த்ததும் நிம்மதி. சிக்கலே அங்கேதான்!

டெல்டாவில் வாய்க்கால் மதகைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 'திறக்காதீர்' என்று போர்டு மாட்டிய மதகு ஒன்று. பூட்டுப் போட்டு, சாவி லஸ்கர் கையில் இருக்கும் மதகு இன்னொன்று. பலகையையே வெல்டிங் வைத்துவிட்டால் அது மூன்றாவது.

யூ-பூட்டில் ஹார்ட்வேர் தடைக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் கம்பைல் செய்திருந்தால், அந்த 'ஆர்.ஓ.' முதல் வகை. யூ-பூட் தன் நினைவில் வைத்துக்கொள்ளும் குறிப்பு, அவ்வளவுதான். அது தானாக அந்த செக்டாரை அழிக்காது. ஆனால் பின்னால் வரும் லினக்ஸுக்கு அந்தக் குறிப்பு தெரியாது, தாராளமாக அழிக்கும்.

எஸ்.பி.ஐ. ஃப்ளாஷ் சிப்களில் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் சில பிட்கள் எந்தப் பகுதிக்குத் தடை என்று தீர்மானிக்கின்றன. இது பூட்டு. ஆனால் சாவி சாஃப்ட்வேரிடமே இருக்கிறது. அந்த ரெஜிஸ்டரையும் காக்கும் பிட்டைப் போட்டு, சிப்பின் ரைட் புரொடெக்ட் காலை கிரவுண்டில் கட்டினால்தான் சாவி அதன் கையை விட்டுப் போகும்.

மூன்றாவது வகைக்கு உதாரணம் நம் ஓட்டு இயந்திரம். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்தபோது பங்கெடுத்து உருவான அதே இயந்திரம். அதன் சிப்பில் ஒருமுறைதான் புரோகிராம் எழுத முடியும் என்கிறது தேர்தல் ஆணையம். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே இதை ஆணையத்திடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டது. அதோடு நிற்கவில்லை. ஏப்ரல் 26-ம் தேதி தீர்ப்பில், இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் எழுதிக் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 சதவீத இயந்திரங்களின் சிப்பை, தயாரித்த நிறுவனத்தின் இன்ஜினியர்கள் சோதிக்க வேண்டும் என்றது. வாய்ச்சொல் வேறு, சோதனை வேறு என்பது கோர்ட்டுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆகவே பூட்லோடர் எழுதும் புண்ணியவான்கள் வெறும் 'ஆர்.ஓ.' போடாமல், அது வெறும் குறிப்பா, சாவியுள்ள பூட்டா, நிரந்தரமா என்றும் சேர்த்துக் காட்டினால் நல்லது. அதுவரை ஒரே வழிதான். பேக்கப் எடுத்துவிட்டு, ஒன்றுமில்லாத ஒரு செக்டாருக்கு அதே தடையைப் போட்டு, லினக்ஸிலிருந்து அழித்துப் பாருங்கள். அழிந்தால், அது பூட்டு இல்லை, போர்டு.