தைப்பிங்: சிப்பாய்ச் சோறும் தோட்டத்துக் கடையும்

தைப்பிங் என்றதும் உங்களுக்கு ஏரிப் பூங்காவும், லாரூட் மலையும், ஓயாத மழையும் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் வருவது சாப்பாட்டு நினைவு. அதிலும் பட்டாளத்துச் சாப்பாடு. இது நெடுங்காலமாகப் பட்டாளத்து ஊர் அல்லவா! 1896-இல் அமைந்து 1919-இல் கலைக்கப்பட்ட ‘மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ்’ படைக்கு இங்கேதான் தலைமையகம். சீக்கியர்கள் மிகுந்த படை. சோறு தின்னும் சீமையில் சப்பாத்தி சுட்டுத் தின்றவர்கள் அவர்கள்.

லாரூட் மலைக்குப் போகும் சாலையில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு முறை போய்வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850 பேர்வரை அங்கே உறங்குகிறார்கள். அவர்களில் 500-க்கும் மேற்பட்டவர்கள் யாரென்றே தெரியவில்லை. சாலைக்கு ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள். மறு பக்கம் மற்றச் சமயத்தார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்து இறங்கியபோது இந்தியப் படையினருக்கான பெரிய மருத்துவமனை ஒன்று தைப்பிங்கில் இருந்தது. அந்நாளைய இந்தியப் படையில் இந்துவுக்கு ஓர் அடுப்பு, முஸ்லிமுக்கு ஓர் அடுப்பு. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் தலைமை ஏற்ற இந்திய தேசிய இராணுவம்தான் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தது. அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். பேச்சில் சொன்ன ஒற்றுமையைவிடச் சோற்றில் காட்டிய ஒற்றுமை பெரிது என்பது என் கருத்து.

ஜப்பான்காரன் காலத்தில் அரிசி மாயமாய் மறைந்தது. மரவள்ளிக்கிழங்கே காலைக்கும் மாலைக்கும். 1944-இல் ஜப்பானியரின் 29-ஆம் இராணுவம் தைப்பிங்கையே தலைமையிடமாக வைத்துக்கொண்டது. அந்தக் கதையைப் பெரியவர்கள் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

ஆனால் பலர் சொல்லாமல் விட்ட கதை ஒன்று உண்டு. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாது என்று 1951-இல் அரசாங்கம் உணவுக் கட்டுப்பாட்டை இறுக்கியது. லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி, வாசலில் சோதனை. பெரட்டு முடிந்து விடியுமுன் மரம் வெட்டப் போகிறவள் தூக்கில் ஒரு வாய்ச் சோறு கொண்டுபோக முடியாது. பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து, திரும்பி வந்த பிறகுதான் சாப்பாடு. நடுவில் பச்சைத் தண்ணீர். கடைக்காரர் யாருக்கு எவ்வளவு விற்றார் என்று எழுதி வைக்க வேண்டும். தகர டப்பாவை விற்கும்போதே துளை போட்டுக் கொடுக்க வேண்டும். துளை விழுந்த டப்பா நம் வெயிலில் எத்தனை நாள் தாங்கும்? அதுதான் அவர்கள் கணக்கு.

இதற்கும் மேலே ஒன்று. சில வட்டாரங்களில் வீட்டில் அரிசி வைத்திருக்கவே தடை. பொதுச் சமையற்கூடத்தில் சோறாக்கி அளந்து கொடுத்தார்கள். அரிசியைப் பதுக்கலாம், சோற்றை எங்கே பதுக்குவது? மறுநாளே ஊசிப்போகும். பேராக்கில் 1958-இல் தொடங்கிய இப்படிப்பட்ட நடவடிக்கைக்கு ‘ஜிஞ்சர்’ என்று பெயர். இஞ்சி! பட்டினி போடும் வேலைக்குச் சமையல்கட்டுப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!

என் பாட்டி அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டியவர். என் சிறுவயதில்கூட, பால் டப்பாவை உடைத்தால் அன்றே தீர்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார். வீட்டில் குளிர்பெட்டி வந்த பிறகும் அவர் மாறவில்லை. கடைக்குப் போனால் அடையாள அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டுதான் கிளம்புவார். நாங்கள் சிரிப்போம், அவர் சிரிக்கமாட்டார்.

இன்றைய கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்துக் கடையில் கணக்குப் புத்தகம் இருந்தது. சம்பள நாளில் கட்டினால் போதும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கடைக்காரரே பார்லித் தண்ணீருக்குப் பார்லி பொட்டலம் கட்டிக் கொடுப்பார். ஆனால் விலையைக் கேள்வி கேட்க முடியாது; கடன் இருக்கிறதே! பட்டணத்துப் பேரங்காடியில் விலை எழுதி ஒட்டியிருக்கிறது, கடன் கிடையாது. எனக்குப் பேரங்காடியே மேல். ஆனால் தாய்மார்களே, ‘மலிவு’ என்று சிவப்பு அட்டை தொங்கினால் நின்று, ஒரு கிலோ என்ன விலை விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதைச் சரியாகப் போடுகிறார்கள். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு இல்லை என்று கண்டுபிடித்து எனக்கே சொன்னார்கள்.

2023-இல் உள்ளூர் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது கடைகளில் அரிசி அடுக்கு காலியானது உங்களுக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவும் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. இறக்குமதி அரிசியும் விலை ஏறியது. பாட்டி அப்போது இல்லை. இருந்திருந்தால் முதல் வேலையாக அட்டையை முடிந்துகொண்டு கிளம்பியிருப்பார்.

தைப்பிங் போகிறவர்கள் கல்லறைத் தோட்டத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். பிற்பகலில் பெரும்பாலும் மழை பிடித்துக்கொள்ளும். பிறகு ஊருக்குள் வந்து பசியாறிவிட்டு, தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் விட்ட செண்டோல் ஒரு கிண்ணம் குடியுங்கள். 1933-இல் தொடங்கிய ஆந்தோங் கோப்பி ஆலையும் இந்த ஊரில்தான். வீட்டுக்கு ஒரு பொட்டலம் கோப்பித்தூள் வாங்கிக்கொள்ளலாம்.