அட்டை போட்டது யார்?

தாம்பரத்தில் காலை வண்டியில் ஜன்னல் ஸீட் கிடைத்தபோதே சந்தேகப்பட்டேன். அந்த அதிர்ஷ்டமெல்லாம் நமக்கு ஆகாது. குரோம்பேட்டை தாண்டுவதற்குள் எதிர் ஸீட் பாளையங்கோட்டைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தம்பி, உங்க அக்காவைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். யாரும் மதம் மாற வேண்டாம், ரெஜிஸ்தர் ஆபீஸ் போதும்" என்றார்.

இது 1995-ல். அக்காவுக்கு முப்பத்தொரு வயசு. அத்திம்பேர் போய் நாலு வருஷம். இவர் என் ஆபீஸில் சீனியர். கிறிஸ்தவர். கொலுவுக்குச் சுண்டல் சாப்பிட நான்தான் வீட்டுக்குக் கூப்பிட்டேன். என் தப்பு!

"வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன். யாரிடமும் கேட்கவில்லை. மூன்று வாரம் கம்பார்ட்மென்ட் மாறி ஏறினேன். ஆபீஸில் அவர் டீக்குப் போனால் நான் ஃபைல் தேடுவேன்.

ஒரு நாள் மேஜைமேல் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்ட புத்தகம் ஒன்றை வைத்தார். "பதில் சொல்லாட்டிப் பரவாயில்ல தம்பி. படிச்சிட்டு புஸ்தகத்தை மட்டும் திருப்பிக் குடுத்துருங்க."

'கிளாரிந்தா'. அ. மாதவையா 1915-ல் இங்கிலீஷில் எழுதிய நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு. மாதவையா நம்மைப் போல உத்தியோகஸ்தர்தான், உப்பு இலாகா. ரிஜிஸ்டருக்கு நடுவிலேயே நாவலும் எழுதியிருக்கிறார். (நம்மால் லீவ் லெட்டரே ஒழுங்காக எழுத முடியவில்லை.) படித்தது கிறிஸ்தவக் கல்லூரியில். தாம்பரத்தில் காடு மாதிரி விரிந்திருக்கிறதே, அதே கல்லூரிதான். அப்போது அது எஸ்பிளனேடில் இருந்தது. இங்கே வந்தது 1937-ல். மனுஷர் மதம் மாறவில்லை. கிறிஸ்தவளான ஒரு பெண்ணின் காதலை மட்டும் மனசார எழுதினார்.

கதை நடப்பது நாடே தலைகீழான காலம். பிரெஞ்சுக்காரன் புரட்சி செய்தது 1789-ல். அதற்கு முன்பே நம் தெற்குச் சீமை கொதித்துக்கொண்டிருந்தது. நவாபு ஒரு பக்கம், கும்பினி ஒரு பக்கம், பாளையக்காரர்கள் ஒரு பக்கம். யூசுப்கானை மதுரையில் தூக்கில் போட்டது 1764-ல். அந்தக் களேபரத்தில், தஞ்சாவூர் மராட்டிய பிராமண விதவை ஒருத்தியைப் புருஷனின் சிதையில் ஏற்றுகிறார்கள். லிட்டில்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இழுத்துக் காப்பாற்றுகிறார்.

சினிமா மாதிரி இருக்கிறதா? ஆனால் ஆள் நிஜம். கல்யாணமாகாமல் ஒரு துரையோடு வாழ்கிறவளுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்று ஸ்வார்ட்ஸ் பாதிரியார் மறுத்துவிட்டார். லிட்டில்டன் செத்த பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். 1785-ல் அவள் பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயம் கட்டினாள். ஊர்க்காரர்களுக்கு அது இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோயில்.

சொந்த ஜாதி தள்ளிவிட்டது சரி. சேரப்போன இடத்திலும் வாசலில் நிற்க வைத்தார்களே, அதுதான் எனக்குத் தொண்டையில் சிக்கியது. சிதை மூட்டியவர்களைப் படிக்கும்போது 'பாவிகளா!' என்று வாய்விட்டே திட்டினேன். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. நான் நெருப்பு வைக்கவில்லைதான். 'வீட்ல கேட்டுச் சொல்றேன்' என்று சொல்லிவிட்டு மூன்று வாரமாய் ஒளிந்து திரிந்தேன்.

காலையில் புத்தகத்தைப் பையில் வைக்கும்போதுதான் அட்டையைச் சரியாகப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் காலண்டர். ஓரத்தில், பால் பாக்கெட் வராத தேதிகளில் அக்கா போடும் வட்டம்.

அடுக்களைக்குப் போனேன். அக்கா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள்.

"இதை நீ எப்போ படிச்சே?"

"கொலு முடிஞ்சு ரெண்டாவது வாரம்" என்றாள், திரும்பாமலே. "நீயா வந்து கேட்பேன்னு பார்த்துண்டிருந்தேன்டா."

அன்றைக்குப் பழைய கம்பார்ட்மென்ட்டிலேயே ஏறினேன். ஜன்னல் ஸீட் கிடைக்கவில்லை.

"சார், ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வாங்கோ. புஸ்தகத்தை அக்காகிட்டயே வாங்கிக்கோங்கோ."

பல்லாவரம் வரைக்கும் அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஞாயித்துக்கிழமை காலையில சர்ச் இருக்கு தம்பி, மத்தியானம் வரட்டுமா?" என்று கேட்டார்.