வித்தை இல்லாத நேரம்

பிக்காஸோ 1905இல் வரைந்த ‘ஸால்டிம்பாங்க் குடும்பம்’, ஊர் ஊராகப் போய் வித்தை காட்டுகிறவர்களின் அவலத்தைச் சொல்லும் படம் என்பது பொதுவான அபிப்பிராயம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவலத்தைக் காட்டுவதற்கும் பார்வையாளன் ஒருவன் வேண்டும். இந்தப் படத்தில் அவனுக்கு இடமில்லை.

கிட்டத்தட்ட ஏழடி உயரக் கான்வாஸ். ஆறு பேர். கட்டம் போட்ட உடையில் ஹார்லெக்வின், அவன் கையைப் பற்றியிருக்கும் சிறுமி, சிவப்பு உடையும் தோளில் மூட்டையுமாகப் பருத்த கோமாளி, இரண்டு பையன்கள். வலது ஓரத்தில், தொப்பி அணிந்த பெண்ணொருத்தி விலகி உட்கார்ந்திருக்கிறாள். கூடாரம் இல்லை, கயிறு இல்லை, குதிரை இல்லை. பிக்காஸோ அந்நாட்களில் அடிக்கடி போய்வந்த மெத்ரானோ ஸர்க்கஸின் இரைச்சல் துளியும் இல்லை. வெறும் மண்வெளி. ஒருவர் பார்வையும் இன்னொருவர் பார்வையைச் சந்திப்பதில்லை. நான் பார்த்தது அச்சுப் பிரதிதான். அதிலும் இந்த மௌனம் குறையவில்லை.

1915இல் ம்யூனிக்கில், ஹெர்த்தா கோனிக்கின் வீட்டில், ரில்கெ சில மாதங்கள் இந்தப் படத்தோடு வாழ்ந்தார். 1922இல் எழுதிய ஐந்தாவது டூயினோ எலிஜியை அவருக்கே சமர்ப்பித்தார். ஆனால் அந்தக் கவிதையில் தேய்ந்துபோன கம்பளம் வருகிறது, பாய்ச்சல் வருகிறது, சுற்றி நிற்கும் கூட்டம் வருகிறது. பாரிஸில் தாம் முன்பே கண்ட வித்தைக்காரர்களையும் ரில்கெ இந்த மண்ணில் இறக்கிவிட்டிருக்கிறார். கவிதைக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். பிக்காஸோ விலக்கி வைத்தது அதைத்தான்.

கூட்டம் வேறு வழியில் திரும்பி வந்தது. 1908இல் 1000 பிராங்குக்கு வாங்கப்பட்ட படம் 1914இல் பாரிஸ் ஏலத்தில் 11,500 பிராங்குக்குப் போயிற்று. இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. எத்தனை பேர் எதிரே வந்து நின்றாலும் அந்த ஆறு பேரும் நமக்காக எதையும் செய்துகாட்டப் போவதில்லை.

நம் இரக்கத்தை இவர்கள்மேல் ஏற்றும்போது மறுபடியும் வித்தை காட்டச் சொல்கிறோம். கைதட்டலும் இரக்கமும் இல்லாத நேரத்தில் ஒருவன் கலைஞன்தானா என்பது, விரல்விட்டு எண்ணக்கூடிய வாசகர்களுக்கு எழுதுகிற நமக்குத் தெரியாத கேள்வியல்ல. படத்தில் பதில் இல்லை. ஆனால் பார்க்க ஆளில்லாத இந்த இடத்திலும் ஹார்லெக்வின் தன் கட்டம் போட்ட உடையைக் கழற்றவில்லை. சிறுமியின் கையையும் விடவில்லை.