நீர்க்காக்கா

1/ ஒரு பறவையோட பேர்ல நான் பல்பு வாங்கின கதை இது. கடைசியில நெஞ்சு வலி வரைக்கும் போகும், பொறுமையா படிங்க.

2/ போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். தண்ணியில நட்டிருந்த கழி மேல ஒரு கறுப்புப் பறவை, ரெண்டு றெக்கையையும் விரிச்சு வெயில்ல காட்டிக்கிட்டு நின்னுச்சு. பக்கத்துல வலை சிக்கெடுத்துக்கிட்டிருந்த பெரியவர், "நீர்க்காக்கா தம்பி. முங்குச்சுன்னா மீனோடதான் வரும்"னார்.

3/ நான் சும்மா இருந்திருக்கலாம். "அது காக்கா இல்லீங்க ஐயா, வேற இனம். கார்மரண்ட்னு பேரு"ன்னேன். அறிவியல்படி நான் சொன்னது சரிதான். ஆனா அவர் "அப்படிங்களா சார்"னு சொல்லிட்டு வலைப் பக்கம் திரும்பிட்டார். ஒரே நிமிஷத்துல தம்பி, சார் ஆயிட்டேன்.

4/ வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். கார்மரண்ட் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து போன சொல். நம்ம பாண்டியில பிரெஞ்சு படிச்சவங்களுக்கு அது 'கொர்மொரான்'. அதுக்கும் மூலம் லத்தீன்ல 'கொர்வுஸ் மரீனுஸ்'. அர்த்தம் என்ன தெரியுமா? கடல் காக்கா!

5/ சரி, அறிவியல் பேராவது கைகொடுக்குமான்னு பார்த்தா, 'ஃபலாக்ரோகோராக்ஸ்'. கிரேக்கத்துல ஃபலாக்ரோஸ்னா வழுக்கை, கோராக்ஸ்னா அண்டங்காக்கா. ரெண்டும் எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்ச சொல்லுதான். தோள்பட்டை எலும்புல காக்கா அலகு மாதிரி வளைஞ்சு நிக்கிற முனைக்கு 'கோரகாய்டு'னு பேரு. முதல் வருஷ அனாட்டமியில மனப்பாடம் பண்ணினது. அதுக்குள்ள காக்கா இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல.

6/ நாமளும் அப்படித்தான். ஐங்குறுநூறுல அம்மூவனார் பாடின நெய்தல் பகுதியில 'சிறுவெண்காக்கைப் பத்து'ன்னே ஒண்ணு இருக்கு. கடற்கரையில திரியிற பறவை, நிறம் வெள்ளை, ஆனாலும் காக்கை! தெரியாத பறவைக்கு எல்லா ஊர்லயும் மனுஷன் தெரிஞ்ச பறவையோட பேரைத்தான் வெச்சிருக்கான்.

7/ கிளினிக்லயும் இதேதான். "நெஞ்சுல வாயு புடிச்சிருக்கு"ன்னு ஒருத்தர் வர்றார். "வாயுவும் இல்ல ஒண்ணும் இல்ல"ன்னு நான் வெட்டிப் பேசினா, படி ஏறினா வலிக்குது, இடது கைக்குப் பரவுது, குப்புனு வேர்த்துச்சுங்கிறதை அவர் சொல்லாமலே எழுந்து போயிடலாம். வாயுங்கிறது அவர் வெச்ச பேர். உள்ள என்ன இருக்குன்னு கேட்கிறது என் வேலை.

(உங்களுக்கும் ஒண்ணு: நெஞ்சை அழுத்துற வலியோட வேர்வையும் வந்தா, சோடா குடிச்சுட்டு காத்திருக்காதீங்க. உடனே போய் ஈசிஜி எடுங்க.)

8/ அடுத்த ஞாயிறு அவரைத் தேடிப் போய், "ஐயா, வெள்ளைக்காரனும் அதைக் காக்கான்னுதான் சொல்றான்"னேன். சிரிச்சார். "பின்ன? இன்னொண்ணு கேளு தம்பி. வாத்து மாதிரி இதுக்கு றெக்கையில தண்ணி வழுக்காது, ஊறிப்போகும். அதான் சுலபமா அடியில முங்குது. அதான் மேல வந்து காயப்போடுது."

மொத வாரமே இதைச் சொல்லியிருப்பார். நான்தான் குறுக்க பாடம் எடுத்துட்டேன்.