ஆடி மாசத்து போட்டோகிராபர்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பது செவ்வாய்க்கிழமை அன்றுதான் வரும்.

குழம்ப வேண்டாம். எங்க நைனா சித்தூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். (நைனா என்றால் அப்பா. தெலுங்கையும் தமிழையும் ஒரே தட்டில் பிசைந்து சாப்பிட்ட ஊர் எங்களுடையது, கண்டுக்காதீங்க.) ஊரே லீவு போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேலைக்குப் போவார். எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது இவர் நாற்காலி மேல் ஏறி நின்று பந்தியை போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார். செவ்வாய்க்கிழமை யாரும் நல்ல காரியம் வைக்க மாட்டார்கள். அன்றைக்குத்தான் அவர் எங்களோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுவார்.

மாசத்துக்கும் அதே கணக்குதான். தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடத்தில் கல்யாணம் கிடையாது, நமக்கு ஆடியில் கிடையாது. அவர்கள் மாசம் சந்திரன் கணக்கு, நம்முடையது சூரியன் கணக்கு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராது. முதலில் அவர்கள் நிறுத்துவார்கள். அவர்கள் மறுபடி ஆரம்பிப்பதற்குள் நாம் நிறுத்தியிருப்போம். இரண்டு பாஷைக்காரர்களுக்கும் போட்டோ எடுக்கிற மனுஷனுக்கு மொத்தமாக ஒன்றரை மாச வரும்படி அடிபட்டுப்போகும். அந்த நாட்களில் மளிகைக் கடைக்காரரைத் தூரத்தில் பார்த்தாலே அம்மா எதிர்ச் சாரிக்கு மாறிவிடுவாள்.

எனக்கும் தங்கச்சிக்கும் வருஷத்திலேயே பிடித்த மாசம் அதுதான். நைனா வீட்டில் இருப்பார்!

மற்ற மாசங்களில் அவர் வீட்டில் இருந்தாலும் இருக்கமாட்டார். பாத்ரூம்தான் டார்க் ரூம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஜன்னலில் கறுப்புத் துணி அடித்து, சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போனால் அவர் வெளியே வரும்வரை எங்களுக்கு எந்த அவசரமும் வரக்கூடாது. :-) காலையில் எழுந்தால் துணி காயும் கொடியில் யார் யாரோ மாப்பிள்ளை, பெண்ணெல்லாம் கிளிப்பில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். வீடு முழுக்க ஹைப்போ வாசனை. என் ஸ்கூல் சட்டையிலும் அதே வாசனைதான்.

பகலில் ஜன்னலோரமாக உட்கார்ந்து டச்சிங் பண்ணுவார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். முகத்தில் இருக்கும் அம்மைத் தழும்பும் பருவும் நெகட்டிவில் தெளிவான புள்ளிகளாகத் தெரியும். ஊசி போலச் சீவிய பென்சிலால் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக நிரப்பினால், பிரிண்ட் போடும்போது அந்த இடம் வெளுத்து, தழும்பு மறைந்துபோகும். இன்றைக்கு போனில் விரலால் தேய்த்தால் அரை செகண்டில் நடப்பது. அவருக்கு ஒரு முகத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார், நாங்கள் பேசக்கூடாது.

ஆஷாடம் பிறந்தால் பென்சில் டப்பாவுக்குள் போய்விடும்.

எங்கள் பக்கம் அது மாங்காய் முடிகிற நேரம். கூழ் ஃபாக்டரி வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். (நீங்கள் இங்கே இந்தியன் ஸ்டோரில் டின்னில் வாங்கும் மாம்பழக் கூழில் பாதி எங்கள் பக்கத்துக்காரர்களின் மாங்காயாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.) நைனா சைக்கிளில் போய் ஒரு பை வாங்கி வருவார். திண்ணையில் உட்கார்ந்து டச்சிங் பிளேடால் மெல்லிசாகச் சீவி, உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டு ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். ராத்திரிக்கு ராகி சங்கட்டி. அம்மா கரண்டிக் காம்பால் கிண்டுவாள், நைனா பாத்திரத்தை இடுக்கியால் பிடித்துக்கொள்வார். பிறகு உருண்டையின் நடுவில் குழி பண்ணி நெய் விட்டு, வேர்க்கடலைச் சட்னியோடு. அவ்வளவுதான் ஐட்டம்.

அந்த மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எங்களை ஸ்கூலுக்கு மட்டம் போடச் சொல்லி திருப்பதிக்குக் கூட்டிப்போவார். சித்தூரில் ரயில் ஏறினால் பாகாலா, சந்திரகிரி, திருப்பதி. ரயில் ஓட்டத்துக்கு மாட்டு வண்டி போட்டி போடலாம். அம்மா கட்டிய புளியோதரை பாகாலா வருவதற்குள் தீர்ந்துவிடும். அலிபிரியில் ஆரம்பித்து 3,550 படி. முழங்கால் முறிச்சான் ஏற்றத்தில் தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொள்வார். பாதி வழியில் மான்களைப் பார்க்க நிறுத்துவார்.

அப்போது திருப்பதி எங்கள் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று தனி மாவட்டமாக்கி விட்டார்கள். "பெருமாள் தனிக்குடித்தனம் போயிட்டார், காணிப்பாக்கம் பிள்ளையார் மட்டும் நம்ம கூடவே இருக்கார்" என்று அன்றைக்கு போனில் நைனா சொன்னார்.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தனை தடவை திருப்பதி போயும் அவர் ஒரு தடவை கூட காமிரா எடுத்து வந்ததில்லை. கோயிலுக்குள் காமிரா கூடாதுதான். ஆனால் படிக்கட்டில், கபில தீர்த்தத்தில், சந்திரகிரிக் கோட்டையில் யார் தடுத்தார்கள்? அம்மா கேட்டால், "பெருமாளே போட்டோ வேணாங்கறார், நமக்கு எதுக்கு?" என்பார்.

ஒரே ஒரு தடவை அம்மா பிடிவாதம் பிடித்தாள். எனக்கு ஒன்பது வயசு. நானும் தங்கச்சியும் மொட்டை. மலைமேல் ஒரு போட்டோக்காரரிடம் காசு கொடுத்து நின்றோம். ஊரில் எத்தனை ஆயிரம் பேருக்கு "கண்ணை மூடாதீங்க" என்று சொன்ன எங்க நைனா, அந்த போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். பிரிண்ட் வந்ததும் இன்னொன்று எடுக்கலாம் என்று அந்த ஆள் சொன்னார். "வேணாங்க, உங்க பிலிம் எதுக்கு வீணாகணும்" என்று இவர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நாங்கள் நாலு பேரும் சேர்ந்து இருக்கும் ஒரே போட்டோ அதுதான். நியூஜெர்சி வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன்.

போன ஜூலை லீவில் குழந்தைகளோடு ஊருக்குப் போயிருந்தேன். அதுவும் ஆடிதான். ஆனால் இந்தத் தடவை மாங்காய் தின்ன நேரமில்லை. கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், மாசக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும். நைனாவுக்கு 78 வயசு. 1974-ல் ஆரம்பித்த கடை. 2006-ல் டிஜிட்டலுக்கு மாறும்வரை எடுத்த நெகட்டிவ் எல்லாம் ஏழு டிரங்குப் பெட்டிகளில் இருந்தது. ஒவ்வொரு கவருக்கும் நம்பர், நம்பருக்குப் பேரேட்டில் பெயர்.

பெட்டியைத் திறந்ததும் காடி வாசனை மூக்கில் ஏறியது. பழைய அசிடேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் மெல்ல மெல்ல அசிட்டிக் அமிலத்தைக் கக்கும், ஊறுகாய்க்கு விடும் வினிகர் சமாச்சாரம்தான். ஒரு கட்டு கெட்டால் பக்கத்துக் கட்டையும் கெடுக்கும்.

"கவலப்படாத, ஆள் சொல்லிட்டேன். கறுப்பு வெள்ளையெல்லாம் கிலோ கணக்குல எடுத்துக்குவான்" என்றார் நைனா.

கறுப்பு வெள்ளை நெகட்டிவில் தெரியும் உருவமே வெள்ளிதான். கலரில் கழுவும்போதே வெள்ளி போய்விடும், அதை யாரும் வாங்கமாட்டார்கள். அந்த ஆள் பிலிமைக் கரைத்து வெள்ளி எடுப்பார். அந்தக் காலத்தில் பழைய ஹைப்போத் தண்ணீரைக்கூட கேனில் வாங்கிப் போவார்கள்.

எனக்கு வந்ததே கோபம். முப்பது வருஷ ஊர்ச் சரித்திரத்தைக் கொலுசுக்குக் கொடுப்பீர்களா என்று கத்தினேன். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடித் தேடிக் காப்பாற்றியதைச் சொன்னேன். ஸ்கேனர் நான் வாங்கித் தருகிறேன் என்றேன். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மகனுக்கே உரிய அத்தனை தோரணையும் காட்டினேன்.

அவர் ஒரு கவரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பெண். தாவணி, தலையில் பூ.

"இந்தப் பொண்ணு ஆறு வருஷத்துல அஞ்சு தடவ வந்துச்சி. மாப்ள வீட்டுக்கு அனுப்பற போட்டோ. ஒவ்வொரு தடவையும் நான் டச்சிங்க இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அந்த அஞ்சையும் வரிசையா வெச்சி எவன் பாக்கணும்? அது கிட்ட கேட்டியா?"

நான் பேசவில்லை.

"இது நம்ம சொத்தில்லடா. ஊரு மூஞ்சி. நம்மள நம்பிக் குடுத்துட்டுப் போனது."

எனக்கு பதில் தெரியவில்லை, இன்றுவரை. நான் சொன்னதும் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் சொன்னதும் தப்பில்லை.

அம்மாதான் வழி சொன்னாள். "குடுத்தவங்களே வந்து வாங்கிக்கட்டும்." ஷட்டரில் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி ஒட்டினோம். கடை மூடப்படுகிறது, உங்கள் நெகட்டிவ் வேண்டுமென்றால் 31-ஆம் தேதிக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். யாரோ அதை வாட்ஸப்பில் போட, குடியாத்தத்திலிருந்தெல்லாம் வந்தார்கள்.

வளைகாப்புக்குப் பூ ஜடை தைத்து, பின்னல் தெரியக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட அம்மா ஒருத்தி வந்தாள். இப்போது தலை முழுக்க நரை. நெகட்டிவைத் தூக்கிப் பார்த்து, "இதுலதாண்டா என் முடி வெள்ளையா தெரிது, இப்ப இருக்கற மாதிரியே" என்று பேரனிடம் காட்டிச் சிரித்தாள். குவைத்துக்குப் போய் அங்கேயே இறந்துபோன ஒருவரின் மகன், அப்பாவின் பாஸ்போர்ட் போட்டோ கேட்டு வந்தார். நைனா பேரேட்டைப் பார்த்து, சரியாக நாலு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார். அவர் ரொம்ப நேரம் படியில் உட்கார்ந்திருந்தார். அம்மா காபி கொடுத்தாள்.

மொத்தம் 41 பேர். மீதி கறுப்பு வெள்ளையை அந்த ஆள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். தாவணிப் பெண் வரவில்லை. நான் ஆட்டோ போகும்போது பார்க்கவில்லை, உள்ளே போய்விட்டேன். கலர் பெட்டிகள் வீட்டுப் பரணில் இருக்கின்றன.

கடைசி நாள் பேரேடுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். 2003 பேரேட்டில் என் பெயர். நான் முதல்முதலில் அமெரிக்கா கிளம்பியபோது விசாவுக்கு எடுத்த போட்டோ. இரண்டுக்கு இரண்டு இன்ச், வெள்ளை பேக்கிரவுண்ட். "சிரிக்காதே, காது தெரியணும்" என்று மட்டும் சொல்லி எடுத்தார், வேறு ஒன்றும் பேசவில்லை. கஸ்டமர் பெயர், சைஸ், ஆறு காப்பி, ரூபாய் 60. வரவுக் கட்டத்தில் சிவப்பு மையில் "பாக்கி".

"என்ன நைனா, எனக்கே பாக்கியா?" என்று சிரித்துக்கொண்டே பர்ஸை எடுத்து நூறு ரூபாய் நீட்டினேன்.

அவர் பேரேட்டை வாங்கி மூடிவிட்டார்.

"வெச்சிக்க. பாக்கி இருந்தாத்தான் கஸ்டமர் திரும்பி வருவான்."

டிசம்பர் லீவுக்கு டிக்கெட் போட்டாயிற்று. அப்போது மார்கழி வந்துவிடும், அதிலும் கல்யாணம் கிடையாது.